பற்றரி தொண்ணூற்றாறு வீதம்

தலைமன்னார்,
வெள்ளிக்கிழமை, மஃரிப் தொழுகைக்குப் பின்.

மரியாதைக்குரிய பத்திராதிபர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் கந்தோரில் உள்ளவர்களும் தேக சுகத்துடனும் நல்ல சிக்னலுடனும் வாழ வல்ல நாயனை வேண்டுகிறேன். எனக்குச் சுகமில்லை. காரணம் தாங்கள்தான்.

கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேச்சராக இருந்து ஓய்வுபெற்ற அப்துல் றசாக் எழுதுகிறேன். ஞாயிறுதோறும் தாங்கள் வெளியிடும் 'போன் வைத்தியர்' பகுதியைத் தவறாமல் வாசிப்பவன். இன்றோடு அந்தப் பகுதியை நிறுத்திவிடும்படி கேட்பதற்கே இந்தக் கடிதம்.

என் ஒரே மகள் அஸ்னா டோஹாவில் முதல் பிள்ளைக்கு நிறைமாதமாக இருந்தாள். பிள்ளை பிறந்ததும் அதன் காதில் பாங்கு, அதாவது தொழுகைக்கான அழைப்பு, சொல்வது எங்கள் வழக்கம். மருமகன் சியாமுக்கு வாப்பா இல்லை. "மாமா, நான் போனைப் பிள்ளைட காதில வைக்கிறன், நீங்கதான் பாங்கு சொல்லோணும்" என்று அவர் கேட்டபோது உடனே சம்மதித்தேன். ஆனால் எங்கள் வீட்டில் சிக்னல் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். என் போனும் வயதானது. பகல் சாப்பாட்டுக்கு முன்பே பற்றரி படுத்துவிடும். பாங்கு பாதியில் அறுந்துபோனால் என்ன செய்வேன்? அந்தப் பயத்தில்தான் தங்கள் ஆலோசனைகளை எழுத்துப் பிசகாமல் செய்தேன்.

திரை வெளிச்சத்தைக் குறைக்கச் சொன்னீர்கள். குறைத்தேன், கொஞ்சம் கூடவே குறைத்துவிட்டேன். பிறகு திரையில் ஒன்றும் தெரியவில்லை, தெரிந்தால்தானே கூட்டலாம்! என் மனைவி நசீறா கட்டில் விரிப்பை என் தலைமேல் போட்டு இருட்டாக்கினாள். அந்த நேரம் எட்டிப் பார்த்த அடுத்த வீட்டு ஸுஹறா, நான் ஆவி பிடிக்கிறேன் என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துக்கொண்டு வந்துவிட்டாள். இந்த ஸுஹறாவின் போனைத் தாங்கள் பார்க்க வேண்டும். கண்ணாடி வெடித்து, இறப்பர் பட்டி போட்டுக் கட்டியிருக்கிறது, வெளிச்சம் எப்போதும் உச்சத்தில், சார்ஜ் போடுவது ஞாபகம் வந்தால் மட்டும். அவளுக்கும் நன்மை கிடைக்கட்டும் என்று தங்கள் பகுதியை வாசித்துக் காட்டினேன். "எனக்கு இது போதும் காக்கா" என்றாள். சிலரைத் திருத்த முடியாது.

அடுத்ததாக, போனைத் தானாகத் தேடவிடாமல் பலமான வலையமைப்பை நாமே தெரிவு செய்யலாம் என்றீர்கள். தெரிவு செய்தேன். சிக்னல் கம்பிகள் அத்தனையும் நிமிர்ந்து நின்றன. உடனே, இந்தியாவுக்கு வருகை தந்ததற்கு நன்றி என்று ஒரு செய்தி! எங்கள் கரையில் எதிர்க்கரைக் கோபுரத்துக்குத்தான் பலம் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அவசரத்தில் எனக்குத்தான் மறந்துபோனது. "கதிரையை விட்டு எழும்பாம இந்தியா போயிட்டீங்க, எனக்கொரு சாறி வாங்கிட்டு வாங்கோ" என்று நசீறா சிரித்தாள். அந்த நேரம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியாக வந்ததுதான் குடியைக் கெடுத்தது. சிக்னல் குறைந்த இடத்தில் விமான நிலையைப் போடுங்கள் என்று எழுதி, தொடர்ச்சி பதினொராம் பக்கம் என்று முடித்திருந்தீர்கள். பதினொராம் பக்கத்தில் நசீறா கருவாட்டைச் சுற்றி டோஹாவுக்கு அனுப்பிவிட்டிருந்தாள். இருந்ததை வைத்துச் செய்தேன். என்ன அதிசயம்! பற்றரி இறங்கவே இல்லை. நேற்றும் இன்றும் பார்ப்பவர்களுக்கெல்லாம் காட்டினேன், தங்களுக்கு துஆவும் செய்தேன். திரையின் மேலே சின்ன விமானப் படம் ஒன்று நின்றது. மகள் வெளிநாட்டில் இருப்பது போனுக்கும் விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினாருக்கு இன்று காய்ச்சல். அந்தி நேர மஃரிப் பாங்கை நான்தான் ஒலிபெருக்கியில் சொன்னேன். தொழுதுவிட்டு வெளியே வந்தால் என் சினேகிதன் வஸீர் ஓடி வருகிறான். "காக்கா, சியாம் மெசேஜ் போட்டிருக்கார். பொம்பிளப் பிள்ளையாம்! உங்களுக்கு எடுத்து எடுத்துப் பார்த்தாராம், போகல்லையாம்." என் போனை வாங்கிப் பார்த்தான். "இதில பிளேன் நிக்குது. பிளேன் நிண்டா ஒருத்தரும் எடுக்கேலாது!"

விமானத்தை அவனே இறக்கித் தந்தான். நான் உடனே மருமகனுக்கு எடுத்தேன். அவர் போன் ஓயாமல் பேச்சில் இருக்கிறது. கோபமாக இருக்கும், யாரோ ஒருவரைக் கொண்டு பாங்கு சொல்வித்திருப்பார். ஊருக்கெல்லாம் கேட்ட என் குரல் என் பேத்தியின் காதுக்குப் போகவில்லை. ஐயா, எனக்கு அழுகை வருகிறது, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். நசீறா இப்போதுதான் ஸுஹறா வீட்டிலிருந்து வந்து ஏதோ சொல்ல நிற்கிறாள். கடிதம் முடியட்டும் என்று கையைக் காட்டிவிட்டேன். "இஞ்ச பாருங்கோ" என்று மறுபடியும் தொடங்குகிறாள். மறுபடியும் கையைக் காட்டினேன்.

தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு என் ஸலாமும், அவர்களுக்கு நீண்ட ஆயுளும், தங்களுக்கு நல்ல புத்தியும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்த வாசகன்
அப்துல் றசாக்

பி.கு.: ஒட்டப் போன உறையை நசீறா பறித்துவிட்டாள். "மஃரிபுக்குக் கொஞ்சம் முந்தித்தான் பிள்ளை பிறந்தது. சியாம் கடைசியா ஸுஹறாட போனுக்கு எடுத்தார். உங்களைக் கூப்பிட ஓடி வந்தன், அதுக்குள்ள நீங்க பள்ளியில பாங்கு தொடங்கிட்டீங்க. நான் போனை யன்னலால நீட்டிப் பிடிச்சன். அவர் அங்க பிள்ளைட காதில வச்சிருந்தார். முழுசாக் கேட்டுதாம். முடியுமட்டும் பிள்ளை அழவே இல்லையாம்."

மேலே எழுதியதெல்லாம் வாபஸ். பகுதியை நிறுத்த வேண்டாம், தொடர்ச்சியை மட்டும் அதே பக்கத்தில் போடுங்கள். என் பேத்தி என் பாங்கைக் கேட்ட நேரத்தில் என் போனில் பற்றரி தொண்ணூற்றாறு வீதம் இருந்தது. ஸுஹறாவின் போனில் நாலு.