பதினாலடி வள்ளமும் மூன்றரையடி வாசலும்

மீன்பிடி வள்ளத்தின் முன்பாதி வராந்தாவில் இருந்தது. பின்பாதி அறைக்குள் இருந்தது. வாசல் நடுவில் அதைக் கவ்விப் பிடித்திருந்தது. உள்ளே மாட்டிக்கொண்ட நாலு மாணவர்களும் வெளியே வர வழியில்லாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

வெளியே நின்ற ஏசுஅடிமை மணி பார்த்தார். பத்தே முக்கால். பல்கலைக்கழகத்தின் ஐப்பசிக் கலைவிழாக் கண்காட்சியைத் துணைவேந்தர் மூன்று மணிக்குத் திறக்கிறார். அதற்குள் வள்ளம் கண்காட்சி அரங்குக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஏசுஅடிமை நுண்கலைத் துறையில் பதினோரு வருஷமாகத் தற்காலிகப் பணியாளர். "துணைவேந்தர் உங்க வள்ளத்தை ஒருதடவை பாத்துட்டா போதும். வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி அங்கயே கேட்டுடுறேன்" என்று துறைத் தலைவர் விக்டோரியா மேடம் சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லுக்காக மனுஷன் நாற்பது நாள் அறைக்குள் உட்கார்ந்து, ஓர் ஆணிகூட அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்தே பதினாலடி வள்ளம் கட்டி முடித்தார்.

குளச்சலில் அவர் குடும்பமே வள்ளம் கட்டுகிற குடும்பம்தான். ஆனால் அவர்கள் கட்டுவது கடற்கரையில். முடித்ததும் தண்ணீருக்குள் தள்ள வேண்டியதுதான் பாக்கி. மணலுக்கு ஏது வாசல்? வாசலை அளக்க வேண்டும் என்று அவர் வம்சத்தில் ஒருவருக்கும் தோன்றியதில்லை, இவருக்கும் தோன்றவில்லை. நேற்று சாயங்காலம் மேடம் டேப் வைத்து வள்ளத்தை அளந்தபோதுகூட, பக்கத்தில் வைக்கிற விவர அட்டைக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"அண்ணே, சரிச்சுக் கொண்டுவந்தது தப்பாப் போச்சு," ஜன்னல் வழியாக மாணவன் ரிஜ்வான் சொன்னான். "வள்ளத்துக்க மூக்கு வாசலைத் தாண்டிட்டு, ஆனா இனி தள்ளினா வராந்தா எதிர்ச்சுவர்ல இடிக்கும்லா?"

"இப்ப சொல்லு மக்கா. நல்லாச் சொல்லு."

அப்போது அட்டெண்டர் தாணுமாலயன் கக்கத்தில் சுற்றறிக்கை நோட்டோடு வந்தார். ஆடிட்டோரியத்தில் சிங்காரி மேள ஒத்திகை நடந்துகொண்டிருந்ததால் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"ஓய் ஏசுஅடிமை, இதுல ஒரு ஒப்புப் போடும்!"

"பெறவு போடுதேன் அண்ணாச்சி. நோட்டை அங்கன வச்சுட்டு இந்த மூக்கைப் பிடியும்."

தாணுமாலயன் பிடி என்றால் பிடிக்கிறவர். பிடித்தார்.

கேன்டீனிலிருந்து தேங்காயெண்ணெய் வந்தது. வாசல் நிலையில் தடவி, "தள்ளுங்கலே!" என்று குரல் கொடுத்தார் ஏசுஅடிமை. வள்ளம் வழுக்கிக்கொண்டு போய் எதிர்ச்சுவரில் மோதிக் காரையைப் பெயர்த்தது. உள்ளேயிருந்து தள்ளியவர்கள் எண்ணெயில் வழுக்கி விழுந்த சத்தம் மேளத்தையும் மீறிக் கேட்டது. இப்போது வள்ளம் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

"ஓய், அந்த ஒப்பு..."

"கையெல்லாம் எண்ணெயாக்கும் அண்ணாச்சி. நோட்டு நாசமாப் போவும்."

"அப்ப மேடத்துக்கு ஒரு போனாவது போடும்."

"போட்டாச்சு. கலைவிழா விருந்தாளியைக் கூப்பிடத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போயிருக்காவ. எடுக்கல்ல."

அடுத்து, தோட்டக்காரரின் கடப்பாரையால் நிலையைப் பெயர்த்தார்கள். நிலை வந்தது. கூடவே மேலே இருந்த மூன்று வரிசைச் செங்கலும் வந்து வள்ளத்துக்குள் விழுந்தன. அந்தப் பாரத்தில் வள்ளம் சுகமாக உட்கார்ந்துகொண்டது.

மணி பன்னிரண்டரை. இடிந்த சுவருக்கு யாரிடம் பதில் சொல்வது என்று ஏசுஅடிமைக்குத் தெரியவில்லை. நிரந்தரம் கிடக்கட்டும், தற்காலிகமே தங்காது போலிருந்தது. இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார்.

"என்னவே செய்யப் போறீரு?" தாணுமாலயன் பதறினார்.

"தையலைப் பிரிச்சா வெறும் பலகை. பலகை எந்த வாசல்லயும் போவும். அங்க கொண்டுபோய்த் திரும்பத் தைச்சிருவேன்."

"நாப்பது நாள் தைச்சதை ரெண்டு மணிக்கூர்லயா?"

"முன்பக்கம் மட்டும் தைச்சாப் போதும். பின்னால போயி யாரு பாக்கப் போறா?"

முதல் கயிற்றை அறுக்கும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே இரண்டாவதை அறுத்தார். தாணுமாலயன் செங்கல்லைப் பொறுக்கினார், பலகையைத் தாங்கினார், நடுநடுவே நோட்டையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

இரண்டரை மணிக்குக் கடைசிப் பலகையும் வெளியே வந்தது. கூடவே நாலு மாணவர்களும் வந்து கைதட்டினார்கள். தலைமுதல் கால்வரை எண்ணெயும் காரையுமாக நின்ற ஏசுஅடிமைக்குக் காலையிலிருந்து முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. வேட்டியில் கையை நன்றாகத் துடைத்தார்.

"கொண்டாரும் அண்ணாச்சி. பாவம், காலத்தேருந்து ஒத்தை ஒப்புக்கு அலையுதீரு."

போட்டார். அந்த நேரம் பார்த்து மேளமும் நின்றது.

"அது கெடக்கட்டு, என்ன சர்க்குலராக்கும்?"

"நான் எங்கவே வாசிச்சேன்? ஒப்பு வாங்குறதுதான் எனக்க வேல" என்றபடி தாணுமாலயன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்:

"வள்ளத்தையும் வாசலையும் துறைத் தலைவர் அளந்து பார்த்ததில், வள்ளம் வெளியே வராது எனத் தெரிகிறது, ஆகவே அதை யாரும் அசைக்க வேண்டாம், துணைவேந்தர் மூன்று மணிக்கு அந்த அறைக்கே வந்து பார்வையிடுவார்."