சண்டைக்கா

கிள்ளான் பள்ளத்தாக்கில் சண்டைக்கா அளவுக்குச் சண்டைகளைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் போலீஸ்காரர்களில்கூட இருக்க மாட்டார். அப்படிப்பட்டவர், யாராவது கொஞ்சம் குரலை உயர்த்தினால் கண் கலங்கிவிடுவார்.

எங்கள் சமூகவியல், மானிடவியல் துறையில் முனைவர் பட்ட மாணவி அவர். எனக்கு அடுத்த மேசை. அடுக்குமாடிகளில் அண்டை வீட்டார் போடும் சண்டைதான் ஆய்வு. அதனால் பேராசிரியர் உட்பட எல்லோருக்கும் அவர் சண்டை அக்கா, சுருக்கமாகச் சண்டைக்கா. மின்தூக்கிக் கதவில் தோள் இடித்தால் கதவிடம் ‘சோரி’ சொல்லும் ஆள், இந்தத் தலைப்பை ஏன் எடுத்தார்?

“எனக்குச் சண்டை போடத் தெரியாது லா, தம்பி. தெரிஞ்சவங்க எப்படிப் போடுறாங்கன்னு பார்க்கணும்.”

செலாயாங்கில் ஒரு பழைய அடுக்குமாடிக்குப் போய்வரத் தொடங்கினார். நாலாவது மாடி லெட்சுமி ஆன்டியும் மூன்றாவது மாடி புஷ்பா ஆன்டியும் அங்கே பேர்போன எதிரிகள். மேலே காயும் துணியின் தண்ணீர் கீழே காயும் துணியில் சொட்டும். அதுதான் வழக்கு. சத்தம் கேட்டதும் சண்டைக்கா படியேறி ஓடி, நடுவில் நின்று எழுதுவார். வசவு வேகமெடுத்தால் கெஞ்சுவார்.

“ஆன்டி, கொஞ்சம் மெதுவா. கடைசி வார்த்தை விட்டுப்போச்சு.”

திட்டியதையே நிறுத்தி நிதானமாகத் திரும்பச் சொன்னால் கோபம் எப்படி நிற்கும்? புஷ்பா ஆன்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லெட்சுமி ஆன்டி, “பாவம், கை வலிக்கும். வா, தேத்தண்ணி குடிச்சிட்டு எழுது” என்றார். புஷ்பா ஆன்டி கரிபாப் பலகாரம் கொண்டுவந்தார். அடுத்த வாரம் துணிக்கொடி இடம் மாறியது. சில மாதங்களில் அந்தக் கட்டடமே கோயில் மாதிரி அமைதியாகிவிட்டது. பாதி ஆய்வில் சண்டை தீர்ந்துபோனது.

“ஆய்வுக்கு டேத்தா, தரவு எங்கே? இந்த செமஸ்டருக்குள்ள வரலைன்னா நீங்க தொடர முடியாது” என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். சண்டைக்கா நேராக லெட்சுமி ஆன்டி வீட்டுக்குப் போய் அழுதிருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமை எனக்கு போன். “தம்பி, ஓடி வா! பெரிய சண்டையாம்!”

நாங்கள் போனபோது இரண்டு ஆன்டிகளும் இடுப்பில் கைவைத்துத் தயாராக நின்றார்கள்.

“ஏன்டி, உன் பூனை என் மீனைத் தின்னுச்சா?” என்று லெட்சுமி ஆன்டி ஆரம்பித்தார்.

“பூனை இல்லக்கா, துணி, துணி!” என்று புஷ்பா ஆன்டி கிசுகிசுத்தார்.

வேடிக்கை பார்த்த அங்கிள் ஒருவர், “சத்தமா லா! அந்தப் புள்ள எழுதணும்ல!” என்றார்.

சண்டைக்கா பேனாவை மூடினார். “ஆன்டி, எனக்காக நடிக்கிறீங்க. இதை நிஜம்னு எழுத முடியாது.”

“வேலையை விட்டுட்டு நிக்கிறோம், எழுத மாட்டியா?” என்றார் லெட்சுமி ஆன்டி.

“உனக்கு நடிக்க வரல, அதான் கண்டுபிடிச்சிருச்சு!” என்று புஷ்பா ஆன்டி சொல்ல, லெட்சுமி ஆன்டிக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. பழைய துணி, பழைய தண்ணீர், பழைய வசவு எல்லாம் திரும்ப வந்தன. அங்கிளும் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டார்.

“போதும்!”

கத்தியவர் சண்டைக்கா. தன் குரலுக்குத் தானே பயந்து அவர் அழுதுவிட, இரண்டு ஆன்டிகளும் ஆளுக்கொரு பக்கம் முந்தானையோடு வந்தார்கள்.

ஆய்வேட்டில் அவர் எதையும் மறைக்கவில்லை. தான் போனதால் சண்டை நின்றதையும், தனக்காக அது நடிக்கப்பட்டதையும் அப்படியே எழுதினார். படித்த பேராசிரியர், “தலைப்பை மாத்துங்க. இதுதான் உங்க ஆய்வு” என்றார். பட்டம் கிடைத்தது.

இப்போது பினாங்குப் பக்கம் விரிவுரையாளராக இருக்கிறார். போன மாதம் என் பக்கத்தில் காலியாக இருந்த அவருடைய பழைய மேசையில் உட்கார ஒரு புது மாணவர் வந்தார். அங்கே ஆள் இருக்கிறது என்று சொல்லி, அநியாயத்துக்கு அவரோடு மல்லுக்கு நின்றேன்.