கார்ட்ரிட்ஜ் சந்தாவும் என் கேசட் பெட்டியும்

மலிவாக விற்கும் ஒரு பொருளை ஏன் அவ்வளவு மலிவாக விற்கிறார்கள் என்று கேட்கும் புத்தி எனக்கு இன்றுவரை வரவில்லை. அந்தப் புத்தி இருந்திருந்தால் என் அக்காவின் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும்.

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவில், எங்கள் குடும்பம் ரப்பர் தோட்டத்தை விட்டு ஈப்போ டவுனுக்கு வந்து, குனோங் ராபாட்டில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தது. நான் தொழிற்சாலை வேலைக்குப் போய், முதல் போனஸில் ஒரு கேசட் பெட்டி வாங்கினேன். கைப்பிடி வைத்தது, பேட்டரியில் ஓடும், பாட்டும் போடும், பதிவும் செய்யும். அதைத் தூக்கிக்கொண்டு காய்கறி வாங்கப் போன ஒரே பெண் எங்கள் வட்டாரத்தில் நான்தான். (பாட்டு இல்லாமல்தான் தூக்கிப் போனேன். பெட்டி வாங்கிய கையோடு கேசட் வாங்கக் காசு இல்லை.)

அந்தச் சமயத்தில்தான் டவுனில் ஒரு பாட்டுக் கடை மாதச் சந்தா என்று எழுதித் தொங்கவிட்டிருந்தது. சந்தா கட்டினால் இஷ்டப்பட்ட பாட்டை எடுத்துப்போய்க் கேட்டுவிட்டு மாற்றிக்கொள்ளலாம். ஒரு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் பாதி விலை. ஒரு வருடத்துக்கே கட்டிவிட்டேன். கடைக்காரர் சிரித்த முகத்தோடு முதல் நாடாவை எடுத்துக் கையில் கொடுத்தார். அது ஒரு தடிப் புத்தகம் போல இருந்தது. என் பெட்டியின் வாய் அதில் பாதிகூட இல்லை.

அது கார்ட்ரிட்ஜ். காடிகளில், அதாவது கார்களில், பொருத்திய கருவிக்குள் போடுவது. ஊரே கேசட்டுக்கு மாறிக்கொண்டிருந்ததால் கடைக்காரர் அதையெல்லாம் என்னைப் போன்றவர்களின் தலையில் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு மணியம் அண்ணன், வெளியூர் டாக்சி ஓட்டுபவர், அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது காடிக்கு உள்ளதுலா தங்கச்சி. ஒன் பொட்டியில எப்படிப் போவும்?"

"தள்ளிப் பாத்தேன் அண்ணே."

"தள்ளிப் பாத்தியா," என்று அதை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

அவர் டாக்சியில் கார்ட்ரிட்ஜ் கருவி இருந்தது. அதில் பாட்டை ஓடவிட்டு, பக்கத்திலேயே என் பெட்டியை வைத்துக் கேசட்டில் பதிவு செய்துகொண்டால் சந்தா வீணாகாது என்று கணக்குப் போட்டேன். அண்ணனும் சம்மதித்தார்.

அந்த வாரம்தான் சாந்தி அக்காவைப் பெண் பார்க்கக் காம்பாரிலிருந்து வருவதாக இருந்தது. அக்கா ஆஸ்பத்திரியில் தாதி. எங்கள் குடும்பத்தில் சீருடை போட்டு அரசாங்க வேலைக்குப் போன முதல் ஆள். மாப்பிள்ளை வாத்தியார், நல்ல இடம், ஒரே ஒரு நிபந்தனை. கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலையை விட்டுவிட வேண்டும். அப்பா தரகரிடம் சரி என்று தலையாட்டிவிட்டார். அக்காவை யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. கூடத்தில் மெல்லப் பாட்டு ஓடினால் நம்மை நாகரிகமான குடும்பம் என்று நினைப்பார்கள், அதுதான் என் கவலை.

அன்று காலை அண்ணனின் டாக்சி வாசலில் நின்றது. கார்ட்ரிட்ஜை நுழைத்துவிட்டு, என் பெட்டியை முன் இருக்கைக்குக் கீழே ஸ்பீக்கரை ஒட்டி வைத்து, பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டுப் பலகாரம் சுடப் போய்விட்டேன். பிறகு வந்து முதல் பாட்டை மட்டும் கேட்டுப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. மிச்சத்தையும் கேட்டால் பேட்டரி தீர்ந்துவிடும் என்று நிறுத்தினேன்.

சாயங்காலம் வந்தார்கள். கூடத்தில் பெட்டியை மெல்ல ஓடவிட்டேன். மாப்பிள்ளையின் அம்மா லேசில் சிரிக்கும் ஆள் இல்லை. அவரே இரண்டாவது பாட்டுக்கு, "பாட்டு நல்லாருக்கே," என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது பாட்டின் நடுவில் காடிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பாட்டு தேய்ந்து அடங்கியது. அதன்பின் என் அம்மாவின் குரல் கேட்டது.

"நிறுத்துற பொத்தான் எங்கன்னு தெரில, சத்தத்தக் கொறச்சிட்டேன். இங்கயே சொல்லு. வீடு பூரா ஆளுங்க."

(கார்ட்ரிட்ஜுக்கு நிறுத்தும் பொத்தானே கிடையாது. பிடித்து வெளியே இழுக்க வேண்டும். அம்மாவுக்கு அது தெரிந்திருந்தால்கூட ஒன்றும் மாறியிருக்காது.)

"நான் வேலைய வுட மாட்டேம்மா. அவுங்ககிட்டச் சொல்லிடு."

"சொன்னா எந்திரிச்சிப் போயிருவாங்க. இப்ப சரின்னு சொல்லு. கல்யாணம் முடியட்டும். அப்பறம் அந்தம்மாவே ஒன்னைய வேலைக்கு வெரட்டும். காசுன்னா அதுக்கு உசுரு."

நான் பெட்டியின்மேல் பாய்ந்தேன். நிறுத்தப் போன கை சத்தத்தைக் கூட்டிவிட்டது. பக்கத்து வீட்டுக்கே கேட்கும்படி அக்காவின் குரல் வந்தது.

"பொய் சொல்லிட்டு அந்த வீட்டுல ஒக்காந்து நான் எப்படிச் சோறு சாப்புடுவேன்?"

அதற்குப் பிறகுதான் எனக்குச் சரியான பொத்தான் அகப்பட்டது.

மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். என் அம்மாவைப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்தார்.

"ஒன் கொரல்தானே?"

"ஆமாங்க."

"வேலைய வுட மாட்டியா?"

அம்மா கண்ணாலேயே கெஞ்சினார். அக்கா நிமிர்ந்து, "மாட்டேங்க," என்றாள். மாப்பிள்ளை பாயின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கலந்து பேசிவிட்டு ஆள் அனுப்புவதாகச் சொல்லி எழுந்தார்கள். கேசரியைத் தொடவில்லை. வாசலில் அந்தம்மா என் அம்மாவிடம், "எனக்குக் காசு மேல அப்படியெல்லாம் ஆசை இல்லீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆள் வரவில்லை. அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினார், அப்பா பெட்டியைப் பிடுங்கி அலமாரிமேல் வைத்தார். மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அக்காவிடம், "ஒன் கல்யாணத்தக் கெடுத்துட்டேன்க்கா," என்று அழுதேன்.

அக்கா கண்ணாடியைப் பார்த்துத் தொப்பியில் ஊசி குத்திக்கொண்டிருந்தாள். "நானே சொல்லியிருக்கணும். வாய் வரல. அந்தக் கேசட்ட அழிச்சிடாதடி," என்றாள்.

அத்தனை பேர் இருந்த வீட்டில், மனதில் இருந்ததைச் சொல்ல அவள் அடுத்த வீட்டு டாக்சிக்குள் போக வேண்டியிருந்திருக்கிறது. நான் அதைக் கவனிக்காமல் பாட்டு சரியாக விழுகிறதா என்று கவலைப்பட்டிருக்கிறேன். இது நினைவுக்கு வரும்போதெல்லாம் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வரன் தஞ்சோங் மாலிமிலிருந்து வந்தது. இந்த முறை பெட்டியை எடுத்து வந்து நடுக்கூடத்தில் வைத்தது அக்காதான். முழுக்கக் கேட்டுவிட்டு அந்த மனிதர், "வேலைய வுடச் சொல்லி இங்க யாரும் கேக்கலியே," என்றார். கொஞ்சம் தயங்கி, "அந்தப் பாட்டோட மிச்சம் எங்க கெடைக்கும்?" என்று கேட்டார். அவர்தான் என் அத்தான்.

அக்கா வேலையிலேயே இருந்து, ஓய்வு பெறும் வயது வந்தபோதுதான் வெளியே வந்தாள். அன்றைய விருந்தில் அத்தான் எழுந்து நின்று, "யாராச்சும் காம்பாருக்கு ஆள் அனுப்பிச் சொல்லுங்க. பொண்ணு வேலைய வுட்டுருச்சு," என்றார். கூடமே சிரித்தது. இன்றும் அக்கா அசந்து நாற்காலியில் உட்கார்ந்தால் பேரப்பிள்ளைகள் வரை அதையே சொல்கிறார்கள்.

அன்று விருந்தில் சிரிக்காதவள் அக்கா ஒருத்திதான். சோற்றைப் பிசைந்துகொண்டே, "அவசரப்பட்டுச் சொல்லிறாதீங்க. திங்கக்கெழமையிலேர்ந்து ஒரு கிளினிக்குல வேலைக்கு வரச் சொல்லிருக்காங்க," என்றாள்.