குளிர்ச்சாமியின் தங்க ஸ்டிக்கர்

மாடிப்படி முழுக்க வரிசை. ஒவ்வொருவர் மடியிலும் ஒரு லேப்டாப், காய்ச்சல் கண்ட குழந்தை மாதிரி.

"என்னோடது தொண்ணூத்தெட்டு டிகிரிங்க."

"அதென்ன பிரமாதம்? என்னோடதுல பொசுங்குற வாசனையே வந்துச்சு!"

பெருமை தாங்கவில்லை. சலவைக் கடைக்கு மேல்மாடியில், கேம் ஆடினால் கொதிக்கும் லேப்டாப்புகளைத் தொட்டே ஆற்றும் மகான் எழுந்தருளியிருந்தார். பெயர் குளிர்ச்சாமி. அவர் அறையில் மட்டும் ஏசி ஓடியது. ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

பஸ் டிரைவரும் வரிசையில் நின்றார். வெளியூரில் வேலை பார்க்கும் மகளோடு ஆன்லைனில் ஜோடி சேர்ந்து கார் பந்தயம் ஆடுகிறவர். அப்பாவும் மகளும் வாய்விட்டுச் சிரித்துப் பேசுவதே அந்த ஆட்டத்தில்தான். அன்று சாயந்திரம் இறுதிச் சுற்று. லேப்டாப்போ கடைசி வளைவு வந்தாலே கொதித்துப் பொசுக்கென்று அணைந்துவிடும். "விடுங்கப்பா, நான் வேற ஜோடி பாத்துக்கறேன்" என்று மகள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அதிலிருந்து மனுஷனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவர் முறை வந்தது.

"கண்ணை மூடுங்க" என்றார் சாமி.

"எதுக்குங்க சாமி?"

"சூடு வெளியேறும்போது கண்ணுல பட்டா பார்வை போயிடும்."

அறையே கண்ணை மூடியது. போவதற்கு அங்கே யாரிடமும் பார்வை இருந்ததாகத் தெரியவில்லை, அது வேறு விஷயம். லொடக் லொடக் என்று சத்தம் கேட்டது.

"என்ன சாமி சத்தம்?"

"சூடு கழலுது."

கண்ணைத் திறந்தால், மூடிமேல் ஒரு தங்க ஸ்டிக்கர். கேம் ஓடிக்கொண்டிருக்கிறது, சூடு அறுபது! ஒருவர் விசும்பியே விட்டார். உண்டியல் நிரம்பியது.

வீட்டுக்கு வந்து மகளோடு ஒரு ஒத்திகை போட்டார் டிரைவர்.

"அப்பா, காரை ஓட்டுறீங்களா, தள்ளுறீங்களா? ரோட்டோர மரம்கூட நம்மளை முந்துதுப்பா!"

"லேப்டாப் அமைதி அடைஞ்சிருச்சும்மா. சாமி சொன்னாரு."

"எங்க அமைதி அடைஞ்சுது, மூச்சே போயிருச்சு! அந்த ஸ்டிக்கரைப் பிச்சுப் போடுங்க."

"ஐயோ, பிச்சா தீப்பிடிக்குமாம்!"

"ஒரு வாளி தண்ணி பக்கத்துல வெச்சுக்கிட்டுப் பிய்யுங்கப்பா."

வாளி வந்தது. ஸ்டிக்கரைப் பிய்த்தார். சூடு அதே அறுபது. ஸ்டிக்கரை மனைவியின் லேப்டாப்பில் ஒட்டி அதே கேமை ஓட்டிப் பார்த்தார். அது பாட்டுக்குக் கொதித்தது. ஸ்டிக்கர்தான் பசை இளகி வழுக்கிக்கொண்டு வந்தது.

"இப்போ பவர் செட்டிங்ஸைப் பாருங்கப்பா. பிராசஸருக்கு எவ்வளவு பவர் விட்டிருக்கு?"

"அடிமட்டத்துல இருக்கும்மா."

"அவ்ளோதான் அந்தாளு வித்தை. வேலையே வாங்காம உக்கார வெச்சா யாருக்குத்தான் வேர்க்கும்?"

டிரைவர் பவரைப் பழையபடி ஏற்றினார். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேரே மாடி ஏறினார்.

"சாமி, இன்னொரு தடவை ஆத்துங்க. நாங்க கண்ணைத் திறந்துக்கிட்டுப் பாக்கறோம்."

"பார்வை போயிடும்!"

"போகட்டும் சாமி, இன்னிக்கு எனக்கு லீவுதான்."

கூட்டம் சிரித்தது. சிரித்த வாயோடு கண்ணையும் திறந்தது. சாமியின் விரல் கீபோர்டுக்கு மேலே அப்படியே நின்றது.

"அதைத் தொடாதீங்க. ஸ்டிக்கர் மட்டும் ஒட்டுங்க."

ஒன்று ஒட்டினார். நாலு ஒட்டினார். மூடி முழுக்க ஒட்டினார். கேம் ஓட ஓட லேப்டாப் கொதித்து, எல்லார் முன்னாலும் பொசுக்கென்று அணைந்தது. ஓடுகிற ஏசியில் குளிர்ச்சாமிக்கு வேர்த்து ஊற்றியது.

பின்னாலிருந்து ஒரு குரல்: "அடியிலயும் ஒட்டிப் பாத்தா என்னங்க?"

இந்த நோய்க்கு ஸ்டிக்கர் இன்னும் வரவில்லை.

மகள் சொன்னபடி டிரைவர் ஃபேன் தூசியைத் தட்டினார், லேப்டாப்பின் பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்தார், பவரைக் கொஞ்சமே கொஞ்சம் குறைத்தார். சாயந்திரம் கடைசி வளைவிலும் லேப்டாப் அணையவில்லை. ஆனால் தோற்றார்கள். வழியில் ஒரு பஸ் நிறுத்தம் தெரிந்ததும் மனுஷன் பழக்க தோஷத்தில் பிரேக் போட்டுவிட்டார்.

மகள் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. "அடுத்த பந்தயத்துக்கும் நீங்கதான்பா ஜோடி. ஆளை மட்டும் ஏத்தாதீங்க."

சூட்டைக் குறைத்துவிட்டேன் என்று எவனாவது வந்து நின்றால், கூடவே எதைக் குறைத்தான் என்று பாருங்கள். பெரும்பாலும் அது உங்கள் மூளைக்குப் போகிற பவராகத்தான் இருக்கும்.