விதைநெல்லுக்குள் ஒரு எலி

என் உசிர் இருக்கிறவரைக்கும் அந்த வண்டி இன்னொருத்தன் வாசலுக்குப் போகாதுன்னு சபதம் போட்டேன். ஐம்பத்தஞ்சாம் வருசத்து எம்.ஜி. காரு. சீமையில செஞ்சது. சிவப்பு. ரெண்டே சீட்டு, கூரை கிடையாது. மஸ்கட் வெயில்ல வெந்து சம்பாதிச்சதையெல்லாம் அதுலதான் கொட்டினேன். கீழ்வேளூர்ல மாடு மறிக்காத ரோடு இல்லை. இருந்தாலும் அதுல உக்காந்தா நான் ராஜா.

என் மனைவி செந்தாமரைக்கு அது பழைய இரும்பு.

இந்த வருசம் ஆத்துத் தண்ணி எங்க கடைமடைக்கு வரவே இல்லை. வெதச்ச சம்பாப் பயிரு முழங்கால் உசரம் வர்றதுக்குள்ள மஞ்சளடிச்சுப் போச்சு. வடிகால்ல மட்டும் கொஞ்சம் தண்ணி கிடந்துச்சு. இறைக்கலாம்னா எங்க ஆயில் இன்ஜின் புகையைக் கக்கிட்டு உக்காந்துடுச்சு.

"வண்டியை வித்துட்டு ஒரு இன்ஜின் வாங்குங்க."

"மழை வரும் செந்தாமரை. டிவியில சொல்றான்."

"அவன் வயல்லயா பயிரு காயுது? நாளைக்குக் கோயம்புத்தூர்லேருந்து ஒருத்தர் வண்டி பாக்க வர்றார். நானே போன் பண்ணிட்டேன்."

எனக்குப் பகீர்னுச்சு. உடனே வண்டியோட ரோட்டாரைக் கழட்டினேன். கட்டைவிரல் அளவு கருப்புச் சாமான். அது இல்லேன்னா எந்தக் கொம்பனாலயும் வண்டியைக் கிளப்ப முடியாது. எங்க ஒளிக்கிறது? அடுப்படி முழுக்க அவ கை புழங்குற இடம். விதைநெல் மூட்டையில அடிவரைக்கும் கையை விட்டுச் சொருகிட்டேன். பட்டினி கிடந்தாலும் விதைநெல்லுல யாராவது கை வைப்பாங்களா? என்ன மூளை எனக்கு!

வந்தவர் சாவியைத் திருகித் திருகிப் பாத்தார். "செத்த வண்டிங்க"ன்னுட்டு பஸ் ஏறிட்டார். நான் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு மனசுக்குள்ள குத்தாட்டம் போட்டேன்.

அதுக்கப்புறம் பயிரு செத்துச்சு. மொத்தமும். கையில எடுத்தா சருகா நொறுங்குது. செந்தாமரை வரப்புல நின்னு பாத்தா. அழல. விறுவிறுன்னு வீட்டுக்குப் போயிட்டா. ஒரு இன்ஜின் வந்திருந்தா பயிரு பொழைச்சிருக்கும்.

நான் வீட்டுக்கு வர்றப்ப விதைநெல் மூட்டை காலி. மறுவெதைப்புக்கு நெல்லு அண்டாவுல ஊறிக்கிட்டிருக்கு.

"சாக்கை ஏன் உதறுறீங்க?"

"ஒண்ணுமில்ல... எலி கிலி இருந்துச்சான்னு..."

"இல்லீங்களே."

மறுநாள் காலையில அவளே சிரிச்ச முகமா வந்தா.

"ஏங்க, மெக்கானிக் மூஸா நம்ம வண்டியைக் கிளப்பிட்டாரு. வயக்கரையில நிக்குது. வாங்க, ஒரு தடவை உங்க பக்கத்துல உக்காந்து பாக்குறேன்."

கல்யாணம் ஆனதுலேருந்து அவ வாயில வராத வார்த்தை. இஸ்திரிச் சட்டையும் கூலிங் கிளாசுமா ஓடினேன்.

வண்டி நின்னுச்சு. அடியில கட்டை முட்டுக் குடுத்து ஒரு பின்சக்கரத்தை அந்தரத்துல தூக்கி வெச்சிருக்கு. டயரைக் காணோம். சக்கரத்துலேருந்து ஒரு பெல்ட்டு நேரா தண்ணி பம்புக்குப் போகுது. பம்புக் குழாய் வடிகாலுக்குள்ள கிடக்கு.

மூஸா என் மூஞ்சியைப் பாக்கல. "ஒரே சீரா மிதிங்கண்ணே. இல்லேன்னா பெல்ட்டு நழுவிடும்."

"ரோட்டாரு ஏது?"

"எலி வெச்சுட்டுப் போயிருக்கு"ன்னு சொல்லிட்டு செந்தாமரை பக்கத்து சீட்டுல ஏறி உக்காந்தா. "ம், மிதிங்க."

நானும் ஏறி ஆக்சிலேட்டரை மிதிச்சேன். எம்.ஜி. உறுமுச்சு. காஞ்ச வயல்ல தண்ணி பீச்சி அடிச்சுது. மீட்டர்ல நாப்பது மைல் வேகம். பக்கத்துல இருக்கிற ஆவாரஞ்செடி மட்டும் அங்கேயே நிக்குது.

"எதுவரைக்கும் ஓட்டணும்?"னு கேட்டேன்.

"அறுப்பு வரைக்கும்."