கீழ்வீட்டுக்காரர் வளர்த்த ஒழுகல்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் யாரும் வாடகை வீட்டில் இருந்ததில்லை என்று நினைக்கிறேன். இருந்திருந்தால் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள்: வாடகையைக் குறைத்துப் பார்.

அதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட ஓர் இனம் நம் நடுவே இருக்கிறது. வாடகைக் குறைப்பாளர் என்று பெயர் வைக்கலாம். வாடகை கொடுக்காமல் டிமிக்கி கொடுக்கிறவர்களோடு இவரைச் சேர்த்துவிடாதீர்கள். இவருக்கு ரோஷம் வந்துவிடும். இவர் மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் கொடுத்துவிடுவார். ஆனால் கொடுக்கும்போது, சொந்தக்காரரை ஊருக்கு வழியனுப்பி வைப்பதுபோல ஒரு பெருமூச்சு விடுவார், சுவரைப் பார்ப்பார், கூரையைப் பார்ப்பார், கடைசியில் உங்களைப் பார்த்து, "இந்த வீட்டுக்கு இது அதிகம்தான்" என்பார்.

எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்கிறீர்களா? நான் மேல்வீடு. அவர் கீழ்வீடு. இரண்டு பேரும் ஒரே வீட்டுக்கார அம்மாவிடம் வாடகைக்கு இருக்கிறோம். ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவருக்கு பிஸ்கட் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. காலையிலிருந்து மாலைவரை எதிரே பிஸ்கட் ஊர்ந்து போய்க்கொண்டே இருக்கும். உடைந்தது, கருகியது, ஓரம் தேய்ந்தது என்று பொறுக்கி எறிய வேண்டும். நல்ல பிஸ்கட்டை அவர் கண் பார்ப்பதே இல்லை. அப்படிப்பட்ட கண்ணை வீட்டுக்கு வந்தவுடன் கழற்றி வைத்துவிட முடியுமா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். இவருக்கு ஆடவும் தெரியும், கூடம் எத்தனை விரல்கடை கோணல் என்று அளந்து காட்டவும் தெரியும்.

அவர் வீடு பார்க்கப் போகிற அழகைப் பார்க்க வேண்டும். மச்சினனுக்கு வீடு தேடியபோது நானும் கூடப் போனேன். உள்ளே நுழையும்போதே முகத்தைத் துக்கம் விசாரிக்க வந்தவர்போல மாற்றிக்கொண்டார். எல்லாக் குழாயையும் திறந்தார், எல்லா ஜன்னலையும் மூடினார், சுவரை விரலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார், பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்துத் தரையில் விட்டார். அது உருண்டது. "தரை சரிவா இருக்கே" என்றார். அடுத்த அறையில் உருளவில்லை. "கழுவிவிட்டா தண்ணி ஓடாது போலிருக்கே" என்றார். அவர் மூக்கைத் தடவினால், மச்சினன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மாமா, எதிர்த்தெரு வீட்டுக்காரர் காத்துக்கிட்டு இருப்பாரு" என்று சொல்ல வேண்டும். அது ஏற்பாடு. அன்றைக்கு அவருக்கு நிஜமாகவே மூக்கு அரித்ததால் மச்சினன் ஏழு தடவை சொல்லிவிட்டான்.

அந்த எதிர்த்தெரு வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த இனத்தார் எங்கே குடியிருந்தாலும் எதிர்த்தெருவில் ஒரு வீடு உண்டு. இதைவிடப் பெரியது, இதைவிட வெளிச்சமானது, இதைவிட வாடகை குறைவு, நேற்றுதான் காலியானது. நான் ஒருநாள் வேலை மெனக்கெட்டுத் தேடிப் போனேன். எதிர்த்தெருவில் ஒரு சைக்கிள் ரிப்பேர் கடையும் ஒரு வேப்பமரமும்தான் இருந்தன.

வீடு பார்க்கிற அன்று குடும்பத்தில் யாரும் சிரிக்கக் கூடாது என்பது இன்னொரு சட்டம். இப்போதிருக்கும் வீட்டைப் பார்க்க வந்தபோது அவர் மனைவி சமையலறை ஜன்னலைத் திறந்து, "அட, நல்ல காத்து வருதே" என்று வாய்விட்டுச் சொல்லி, சிரித்தும்விட்டார். பக்கத்தில் வீட்டுக்கார அம்மா நின்றிருந்தார். "அந்தச் சிரிப்புக்கு மாசாமாசம் வாடகை கட்டிக்கிட்டு இருக்கோம்" என்று இவர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார். இவர் மனைவி மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்ப்பவர். கணவர் சொல்வதில் பாதியைக் காதில் வாங்காமல் விடுவதற்குப் பழகியிருந்தார்.

சரி, ஒழுகலுக்கு வருவோம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் வீட்டுக் கூடத்துக் கூரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை தெரிந்தது. என் குளியலறையில் யாராவது குளித்தால் அங்கே சொட்டும். நம்மைப் போன்றவர்கள் என்ன செய்வோம்? வீட்டுக்கார அம்மாவுக்குப் போன் பண்ணுவோம். நான்கூட அதைத்தான் சொன்னேன். அவர் என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"சொன்னா என்ன ஆகும்?"

"சரி பண்ணிக் கொடுப்பாங்க."

"சரி பண்ணிட்டா, நாளைக்கு வாடகையை ஏத்த வரும்போது நான் எதைக் காட்டுவேன்?"

யோசித்துப் பாருங்கள், எவ்வளவு ஆழமான கேள்வி. அன்றுமுதல் அந்தக் கறை அவர் வீட்டில் இன்னொரு பிள்ளையாக வளர்ந்தது. மாதத்துக்கு ஒரு தடவை போட்டோ எடுத்தார். உள்ளங்கை தட்டாகி, தட்டு தலையணையாகிக்கொண்டிருந்தது. வருகிறவர்களுக்கு மகளின் மதிப்பெண்ணைக் காட்டுவதற்கு முன்னால் செல்போனில் கறையைக் காட்டினார். அந்த மகள், பாவம், பள்ளிக்கூடக் கடைசி வருஷம் படிக்கிறவள். அவள் மேஜை சரியாகக் கறைக்குக் கீழே இருந்தது. அதை மூன்று தடவை நகர்த்தினார்கள். ஒழுகலை ஒரு தடவையும் தொடவில்லை. மேஜை இருந்த இடத்தில் ஒரு வாளி உட்கார்ந்துகொண்டது.

இப்படியிருக்கும்போது வீட்டுக்கார அம்மாவிடமிருந்து போன் வந்தது. அடுத்த மாதத்திலிருந்து இரண்டு வீட்டுக்கும் வாடகையில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டப்போவதாகவும், ஞாயிற்றுக்கிழமை காலை நேரில் வருவதாகவும் சொன்னார். இது வேடிக்கை இல்லை. அந்தக் கூடுதலைக் கொடுக்கக் கீழ்வீட்டுக்காரர் சம்பளத்தில் இடம் கிடையாது. காலி செய்தால், கையிலிருப்பதற்கு ஊர்க் கோடியில்தான் வீடு கிடைக்கும். மனைவிக்கு மருந்துக்கடை இரண்டு பஸ் தூரம், மகளுக்குப் பரீட்சை வருஷத்தில் பள்ளிக்கூடமும் இரண்டு பஸ் தூரம். அதை நினைத்தால் எனக்கே கஷ்டமாகத்தான் இருந்தது.

அவருக்கோ பட்டாளத்தில் உத்தரவு வந்த மாதிரி ஆகிவிட்டது. சனிக்கிழமையே புது சோபாவை என் வீட்டுக்கு ஏற்றினார். ஃபிரிட்ஜ்மேல் பழைய போர்வையைப் போர்த்தினார். தேய்க்காத சட்டை ஒன்றைத் தேடி எடுத்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், நாளைக்கு நீங்க ஒரு உதவி பண்ணணும். குளிக்கணும்."

"தினமும் குளிக்கிறேனே."

"அது இல்லை. நான் மிஸ்டு கால் கொடுக்கும்போது குளிக்கணும். அந்தம்மா கறைக்குக் கீழ உக்காந்திருப்பாங்க. நீங்க ஊத்துங்க, தலையில சொட்டட்டும். கீழ குறைஞ்சா மேலயும் குறையும். உங்களுக்கும் சேர்த்து நான் பேசிக்கிறேன்."

நான் கௌரவமான மனிதன். உடனே ஒப்புக்கொள்ளவில்லை. காபி குடித்து முடிக்கும்வரை யோசித்தேன்.

வீட்டுக்கார அம்மா ஓய்வு பெற்ற தலைமை நர்ஸ். குட்டையான உருவம், குரலை உயர்த்தத் தேவைப்படாத ஆள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்தார். இதற்குமேல் கீழே நடந்ததை என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் காபி போட ஒத்தாசை செய்கிறேன் என்று கீழே போயிருந்தாள். நான் மேலே, இடுப்பில் துண்டோடு, செல்போனைச் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

கறைக்கு நேர் கீழே போட்டிருந்த நாற்காலியில் அந்த அம்மாளை உட்கார வைத்தார்கள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இது என்ன?"

"அதாம்மா... ஒழுகல். உக்கார முடியாது, நிக்க முடியாது. பிள்ளை படிக்க முடியல. இப்ப பாருங்களேன்."

எல்லோரும் பார்த்தார்கள். கூரையும் இவர்களைப் பார்த்தது. ஒன்றும் சொட்டவில்லை. இவர் பைக்குள் கைவிட்டார். மேலே செல்போன் அடித்தது. நான் குளித்தேன்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமாம்மா."

"ரெண்டு வருஷமா ஏன் சொல்லல?"

இரண்டு வருஷமாகத் தயாரித்து வைத்திருந்த பேச்சில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. இவர் மறுபடி பைக்குள் கைவிட்டார். நான் மறுபடி குளித்தேன். மூன்றாவது மிஸ்டு காலுக்குக் குளிக்க உடம்பில் அழுக்கு பாக்கியில்லை. வாளி வாளியாகத் தரையில் ஊற்றினேன். நாலாவதுக்குக் குழாயைத் திறந்தே விட்டேன். மேலே அருவி கொட்டுகிற சத்தம். கீழே பொட்டுத் தண்ணீர் இல்லை. "இப்ப வந்துடும்மா, ஒரு நிமிஷம்" என்று இவர், வராத பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போலக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அப்போதுதான் அவர் மனைவி வாயைத் திறந்தார்.

"வராதும்மா. முந்தாநாள் நானே ஆளைக் கூப்பிட்டு அடைச்சிட்டேன். பிள்ளையோட பரீட்சை நோட்டுல சொட்டிடுச்சு. அதுக்குமேல பொறுக்க முடியல."

கூப்பிட்டு வந்த கொத்தனாரை என் குளியலறைக்குள் விட்டது என் சகதர்மிணி. ஒரு மூலையில் சிமெண்டு புதிதாக இருந்திருக்கிறது. குளியலறை மூலையை எந்தப் புருஷன் பார்க்கிறான்?

கீழ்வீட்டம்மாள் நிறுத்தவில்லை. "ஆறு வருஷமா இருக்கோம். ஒரு மாசம்கூட வாடகை தள்ளிப் போனதில்லை. பொண்ணுக்கு இது முக்கியமான வருஷம். நீங்க ஏத்தினா எங்களால முடியாது, காலி பண்ணணும். காலி பண்ண எனக்கு இஷ்டமில்லை. இந்த வீடு எனக்குப் பிடிச்சிருக்கு."

பிடிச்சிருக்கு! இவர் கண்ணை மூடிக்கொண்டாராம். பிஸ்கட் தொழிற்சாலையில் தீப்பிடித்திருந்தால்கூட அவர் முகம் அப்படி ஆகியிருக்காது என்று என் மனைவி சொன்னாள்.

வீட்டுக்கார அம்மா காபியைக் குடித்து முடித்துவிட்டு, "சரிம்மா, ஏத்தல. கொத்தனாருக்குக் கொடுத்ததை அடுத்த மாச வாடகையில கழிச்சுக்கோ" என்றார். பிறகு இவர் பக்கம் திரும்பினார். "முப்பது வருஷம் வார்டுல நின்னவ நான். எவனுக்குக் காய்ச்சல், எவன் போர்வைக்குள்ள நடிக்கிறான்னு கட்டில் பக்கம் போகாமயே சொல்லிடுவேன். அந்த ஃபிரிட்ஜுக்குப் போர்த்தியிருக்கிறதை எடுத்துடுங்க, பாவம், அதுக்கு மூச்சு முட்டும்."

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று இவர் இத்தனை வருஷம் நம்பியிருந்தார். வாயுள்ள பிள்ளை பிழைத்துவிட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து நிம்மதியாகச் சிரித்திருப்பேன். வீட்டுக்கார அம்மா எழுந்து, காதைச் சாய்த்து, "மேல யாரு இவ்வளவு நேரமா?" என்று கேட்டுவிட்டுப் படியேறினார். நான் மறுபடியும் தலையைத் துவட்டியபடி கதவைத் திறந்தேன். கூடத்தில் இரண்டு சோபா.

"வீட்ல எத்தனை பேர்?"

"ரெண்டு பேர்தாங்க."

"ரெண்டு பேருக்கா ஒரு தொட்டித் தண்ணி?"

கீழே ஒழுகுவதற்காகக் குளித்தேன் என்றா சொல்வேன்? எனக்காகப் பேசுகிறேன் என்றவர் படிக்கட்டுப் பக்கமே வரவில்லை. ஐந்தில் ஒரு பங்கு எனக்கு அப்படியே ஏறியது. தண்ணீருக்கென்று தனியாகவும் கொஞ்சம் ஏறியது. என் மனைவி எனக்காக வாயைத் திறந்திருக்கலாம். சோபா வந்த அன்று அவளைக் கேட்காமல் நான் ஒப்புக்கொண்டதற்கு அவள் கணக்குத் தீர்த்துக்கொண்டாள்.

மகளின் மேஜை பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. வாளி குளியலறைக்குப் போய்விட்டது. ஆனால் கீழ்வீட்டுக்காரருக்கு மனசு ஆறவில்லை. "கேட்டு வாங்குறதெல்லாம் ஒரு குறைப்பா சார்? ஒழுகல் மட்டும் இருந்திருந்தா பாதியாக்கியிருப்பேன்" என்கிறார். காய்ந்துபோன கூரையை அவர் அண்ணாந்து பார்க்கும்போது எனக்கே மேலே போய் ஒரு வாளி ஊற்றலாமா என்று தோன்றுகிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நமக்குச் சொந்த வீடு, இந்தத் தொல்லை இல்லை என்கிறீர்கள். இருக்கட்டும். மேலாளர் அறைக்குள் நுழையும்போது மட்டும் வருகிற அந்த இருமலுக்கு ஏன் இன்னும் மருந்து சாப்பிடவில்லை? மார்க்கெட் பையைத் தூக்கச் சொன்னால் வலிக்கிற முழங்காலை ஏன் டாக்டரிடம் காட்டவில்லை? பத்து வருஷத்துக்கு முன்னால் தம்பி சொன்ன ஒரு வார்த்தையை, ஒரு போன் பண்ணினால் தீர்ந்துவிடும் என்று தெரிந்தும், அவன் உதவி கேட்டு வரும் நாளுக்காக ஏன் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள்? சரி பண்ணினால் போய்விடுமே என்றுதானே?

நான் அந்த இனம் இல்லை. என் சமையலறைச் சுவரில் ஒரு விரிசல் இருக்கிறது, அவ்வளவுதான். விரல் நீளம். கொத்தனாரைக் கூப்பிடலாம் என்று என் மனைவி சொன்னாள். என்ன அவசரம், அடுத்த வருஷம் வீட்டுக்கார அம்மா வரட்டும் என்றேன். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து தடவிப் பார்த்து, நல்ல ஜாதி விரிசல், அதற்குள் முழ நீளம் வந்துவிடும் என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனார்.

அது சரி, நீங்கள் ஏன் இப்போது தலையைத் தூக்கி உங்கள் வீட்டுக் கூரையைப் பார்க்கிறீர்கள்?