போதும்காரர் இல்லாத நாடு

மேனிநாடு என்று ஒரு நாடு இருந்தது. அதன் வாய்க்கால்களில் தண்ணீரோடு சர்க்கரையும் ஓடும். ஆனால் அந்தச் சர்க்கரை வீட்டுக்குள் வர வேண்டுமானால் கதவுக்குத் தினமும் புதுச் சாவி வேண்டும். சாவி செய்யத் தெரிந்தவர்கள் தீவுத்தெருக்காரர்கள் மட்டுமே. உலைச் சூட்டுக்காக அங்கே ஆணும் பெண்ணும் நீல முண்டாசு கட்டுவார்கள்.

நாட்டுக்குக் காவற்படை உண்டு. ஒவ்வொரு பிரிவின் பின்னாலும் ஆயுதமில்லாமல் ஒருவர் நடப்பார். ஆள் தெரியாமல் வீரன் ஊர்க்காரன்மேல் ஈட்டியை ஓங்கினால், தோளைத் தொட்டு, "போதும்ப்பா, இவரு நம்மாளு" என்பார். ஈட்டி இறங்கிவிடும். அவருக்குப் போதும்காரர் என்றே பெயர். வேறு வேலை எதுவும் அவர் செய்து யாரும் பார்த்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில் அந்நியர் கூட்டமொன்று படையெடுத்து வந்தது. அவர்கள் தலையிலும் நீல முண்டாசு. பத்து நாளில் படை அவர்களை ஒழித்தது. வெற்றி விழாவில் பாதுகாப்பு அமைச்சர் கோட்டைமுத்தனார் பேசினார்.

"எட்டு நாளில் முடிந்திருக்க வேண்டிய போர். இரண்டு நாளைத் தின்றவர்கள் போதும் என்று சொன்னவர்கள். அந்தப் பதவி இன்றோடு ஒழிக்கப்படுகிறது. படையிடம் போதும் என்று சொல்வது இனி தேசத்துரோகம்."

நல்ல கைதட்டல். வேலையில்லாத படை சும்மா இருக்குமா? மறுநாளே நீல முண்டாசைத் தேடித் தீவுத்தெருவுக்குள் நுழைந்தது. பழைய போதும்காரர் மாசிலாமணி ஓடிவந்து ஒரு வீரனின் தோளைத் தொட்டார். சொல்லி முடிப்பதற்குள் அவர் கையில் விலங்கு. அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

உலைகள் உடைந்தன, கதவுகள் மூடிக்கொண்டன. வாய்க்கால்களில் சர்க்கரை கரைபுரண்டது. "வரலாறு காணாத சர்க்கரை வளம்" என்று அரசு அறிவித்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் சனங்கள் வீட்டுக்குள் பட்டினி கிடந்தார்கள். பசி என்று முனகியவர்களை விசாரிக்கப் படை இரட்டிப்பாக்கப்பட்டது.

கடைசியில் ஆண்டிச்சி என்ற ஒரே ஒரு சாவிக்காரி மிஞ்சினாள். அவள் வாசலிலும் ஈட்டி வந்து நின்றது.

"எங்க பாட்டன் காலத்து முண்டாசு ஐயா இது. நாளைக்கு உங்க வீட்டுக்குச் சாவி வேணாமா?"

"அதெல்லாம் மேல விசாரிப்பாங்கம்மா" என்றான் வீரன்.

அப்போது அமைச்சரே தள்ளாடி வந்தார். அவர் வீடு பூட்டி மூன்று நாளாகியிருந்தது. "போதும். அவளை விட்டுவிடு."

வீரன் மரியாதையாகக் கும்பிட்டான். "அப்படிச் சொல்றது துரோகம்னு நீங்கதானய்யா உத்தரவு போட்டீங்க." அவரைக் கட்டினான். பிறகு ஈட்டியை எடுத்தான். தோளைத் தொட ஆள் இல்லை.

இது எதுவும், மேனிநாட்டையே தன் உடம்பாகச் சுமந்து திரிந்த அதன் சொந்தக்காரருக்குத் தெரியாது. அவர் டீக்கடை பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, இப்படி இளைச்சுட்டீங்க?" என்றார் கடைக்காரர்.

"நாட்டை நினைச்சாத்தான்யா கவலை. அந்நியன் சாயல்ல இருக்கிற ஒருத்தனையும் விடக்கூடாது. பாவம் பாக்கச் சொல்றான் பாரு, அவனைத்தான் முதல்ல உள்ள தள்ளணும்."

சொல்லிவிட்டு நாலாவது தம்ளர் தண்ணீர் கேட்டார்.